கொள்முதல் குழுவின் மேலான கவனத்திற்கு

பெறுநர்: கொள்முதல் மற்றும் இருப்புச் சரிபார்ப்புக் குழு

பொருள்: ஒரே லினக்ஸ் சர்வரில் நான்கு விர்ச்சுவல் மெஷின் (விஎம்) அமைத்தல் – தொடர்பாக.

ஒரு சர்வருக்குள் பல கணினிகளை ஓட்டும் கேவிஎம் வசதி, 2007-இல் வெளியான 2.6.20 பதிப்பு முதல் லினக்ஸ் கர்னலோடு சேர்ந்தே வருகிறது. விலை கிடையாது; ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோர வழியில்லை. செலவு செய்தே தீரவேண்டுமென்றால் விஎம்வேர் உண்டு. 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமம் போய்ச் சந்தா முறை வந்தது. சந்தாவைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கோப்பும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

முதலில் செயலியைப் பார்க்கவேண்டும். இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற குறி அதன் விவரத்தில் இருக்கும். செயலி இடம் கொடுத்தாலும் பயாஸில் அந்த வசதி அணைந்திருந்தால் கேவிஎம் எழாது. பயாஸ் கடவுச்சொல் அரக்கு முத்திரையிட்ட உறையில்; உறை பீரோவில்; பீரோ சாவி மாற்றலாகிப் போன கண்காணிப்பாளரிடம். இதைவிடக் கடினமான கட்டம் இந்தப் பணியில் பின்னால் வராது.

அடுத்து க்யூஎமு, லிப்விர்ட், விர்ட்-இன்ஸ்டால் ஆகிய மென்பொருள்களை நிறுவவேண்டும். நினைவகம் எவ்வளவு, செயலி எத்தனை, வட்டு எத்தனை ஜிபி, ஐஎஸ்ஓ கோப்பு எங்கே என்று விர்ட்-இன்ஸ்டாலுக்குச் சொன்னால் போதும். குழுவின் படிவமோ நிறம், எடை, வைக்கப்படும் அறை ஆகியவற்றைக் கேட்கிறது. நிறமும் எடையும் 'இல்லை' என்று நிரப்பப்பட்டுள்ளன. அறை என்ற இடத்தில் லிப்விர்ட்டின் இமேஜஸ் அடைவு எழுதப்பட்டுள்ளது. இருப்பு எண் வில்லையை எங்கே ஒட்டுவது என்பதைக் குழுவே தெரிவிக்கலாம்.

வட்டுக்கு க்யூகவ்2 வகைக் கோப்பு வசதியானது. 40 ஜிபி என்று அறிவித்தாலும் எழுத எழுதத்தான் அது வளரும். ஒதுக்கியதை மார்ச் 31-க்குள் செலவழித்துவிடவேண்டும் என்ற விதி அதற்குத் தெரியாது. ஆனால் உள்ள வட்டுக்கு மேல் வாக்குக் கொடுத்துவிட்டு, எல்லாம் ஒருசேர நிரம்பினால், விஎம்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இந்த நிலை குழுவுக்குப் புதிதல்ல.

லிப்விர்ட் தானாகத் தரும் வலையமைப்பு 192.168.122 வரிசையில் இருக்கும். உள்ளிருந்து வெளியே போகலாம். வெளியார் நேரே உள்ளே வர முடியாது. மற்றப் பிரிவுகளும் விஎம்களை அணுகவேண்டுமென்றால் பிரிட்ஜ் தேவை. அதைத் தொலைவிலிருந்து அமைக்கப்போனால் பாதியில் இணைப்பு அறுந்துபோகலாம். சர்வர் முன்னால் உட்கார்ந்து செய்வதே உத்தமம். மின்வெட்டுக்குப் பின் விஎம்கள் தாமாக எழ, ஒவ்வொன்றுக்கும் விர்ஷ் ஆட்டோஸ்டார்ட் என்ற கட்டளை கொடுக்கவேண்டும்.

ஸ்னாப்ஷாட் இருக்கும்போது பேக்கப் எதற்கு என்று சென்ற கூட்டக் குறிப்பில் கேட்கப்பட்டுள்ளது. க்யூகவ்2 கோப்புக்குள் எடுக்கும் ஸ்னாப்ஷாட் அதே வட்டில்தான் கிடக்கும். வட்டு போனால் அதுவும் போகும். எனவே வேறு கட்டடத்தில் வைக்க ஒரு வெளி வன்தட்டு வாங்கித் தருமாறு கோரப்படுகிறது. மூன்று நிறுவனங்களின் விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டுள்ளன.