கோடை ஆராய்ச்சியைக் கோட்டைவிடுவது எப்படி?

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கம் பி.எஸ்சி.யோ பி.இ.யோ படிக்கும் தம்பி தங்கைகளே, வாருங்கள், உட்காருங்கள். கோடை விடுமுறையில் ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதம் இருந்து, உதவித்தொகையும் வாங்கிக்கொண்டு, நிஜமான ஆராய்ச்சி செய்ய இந்த நாட்டில் வழி இருக்கிறது. அந்த வழியில் தெரியாத்தனமாகக் கால் வைத்துவிடாமல் உங்களைக் காப்பாற்றத்தான் இந்தப் பயிற்சி. முக்கால்வாசி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலைதான். நான் கொஞ்சம் மெருகு போட்டுவிடுகிறேன்.

1. மே மாதத்தில் தேடத் தொடங்குங்கள்

கோடை ஆராய்ச்சிதானே? கோடையில் தேடினால் போதாதா? செமஸ்டர் முடியட்டும். ஊருக்கு வந்து இரண்டு நாள் தூங்குங்கள். பிறகு செல்போனை எடுங்கள். பெங்களூர், டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய ஊர்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கொடுக்கும் கோடைகால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு வழக்கமாக நவம்பரோடு கதவைச் சாத்திவிடுவார்கள். பெங்களூர் ஜக்கூரில் இருக்கும் ஜவாஹர்லால் நேரு மையமும் அதையொட்டியே முடித்துவிடும். மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பொங்கல் சமயம். சென்னை ஐஐடி மட்டும் கொஞ்சம் பொறுமைசாலி, மாசி வரை பார்க்கும்.

அதாவது, ஐப்பசி மழையில் கொல்லைப்புறம் தண்ணீர் தேங்கி நிற்கும்போது நீங்கள் அடுத்த மே மாதத்தைப் பற்றி யோசிக்க வேண்டுமாம்! உங்கள் அப்பா வேண்டுமானால் ஜூன் 12-ல் மேட்டூர் திறக்குமா என்று சித்திரையிலேயே விசாரிப்பார். விதைநெல்லுக்குச் சொல்லிவைப்பார், டிராக்டர்காரரிடம் நாள் கேட்பார். அது அவர் பிழைப்பு. அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொண்டுவிடாதீர்கள்.

2. கல்லூரி நோட்டீஸ் போர்டை நம்புங்கள்

கடைசித் தேதி போன மறுவாரம் ஒட்டுவார்கள். நிதானமாகப் படிக்கலாம்.

3. ஒரே மெயிலை 200 பேருக்கு அனுப்புங்கள்

இது நம் பாடத்தின் உயிர்நாடி. எனவே ஊன்றிக் கவனியுங்கள். சீனியர் அனுப்பிய மெயிலை அப்படியே எடுங்கள். 'மதிப்பிற்குரிய ஐயா/அம்மா' என்பதில் அந்தச் சாய்கோடு முக்கியம், அழித்துவிடாதீர்கள். யாருக்கு எழுதுகிறோம் என்று நமக்கே தெரியாது என்பதை அவர் முதல் வரியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். (நான் ஒரு காலத்தில் அந்தச் சாய்கோட்டை எடுத்துவிட்டு 'ஐயா' என்று துணிந்து எழுதினேன். எழுதியது ஓர் அம்மையாருக்கு. பதில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில்' என்ற இடத்தில் முந்தைய மெயிலில் போட்ட நிறுவனத்தின் பெயர் அப்படியே இருக்கட்டும். பேராசிரியர் என்ன ஆராய்ச்சி செய்கிறார் என்று அவருடைய கட்டுரை ஒன்றையாவது படித்துப் பார்க்கும் துர்ப்பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இந்தத் துர்ப்பழக்கத்தால் கெட்டுப்போன ஒரு கும்பகோணத்துப் பையனின் கதையைக் கேளுங்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தவன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தான். கணக்கைத் தவிர மற்றவற்றைக் கவனிக்காமல் உதவித்தொகையைப் பறிகொடுத்தான். பட்டம் இல்லை. சென்னைத் துறைமுகத்தில் கணக்குப்பிரிவு குமாஸ்தா. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்கள் இருவருக்கு எழுதினான், ஒன்றும் நடக்கவில்லை. நம் வழியில் நடப்பவராக இருந்தால் அத்தோடு அரட்டைக் குழுவில் 'வேஸ்ட் ப்ரோ' என்று போட்டுவிட்டுப் படுத்திருப்பார். இவன் 1913 ஜனவரி 16 அன்று மூன்றாவதாக அதே கேம்பிரிட்ஜின் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினான்.

எழுதியதுதான் எழுதினான், விவரங்கெட்ட பிள்ளை, ஹார்டி எழுதிய சிறு நூலை முன்பே படித்துத் தொலைத்திருந்தான். அதன் 36-ஆம் பக்கத்தில், குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்பதற்குத் திட்டவட்டமான சூத்திரம் இதுவரை கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள், நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஆரம்பித்தான். கூடவே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். வேடிக்கை என்னவென்றால், பகா எண் விஷயத்தில் அவன் சொன்னது சரியில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் அடுத்த ஆண்டே ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தார். தப்பாகச் சொன்னாலும் சொந்தமாக ஒன்றைச் சொன்னால் இப்படியெல்லாம் கப்பலேற வேண்டி வரும். எச்சரிக்கை.

4. 'எதிலும் ஆர்வம் உண்டு' என்று எழுதுங்கள்

என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு சிறு குறிப்பு கேட்பார்கள். செயற்கை நுண்ணறிவு, நானோ, குவாண்டம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போடுங்கள். மிச்சத்தை இயந்திரத்திடம் எழுதி வாங்குங்கள். அதைப் படித்துப் பார்ப்பது கௌரவக் குறைச்சல்.

5. பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி நாள் மாலை கேளுங்கள்

உங்கள் பெயர் தெரியாத ஆசிரியரைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அவர் எச்ஓடியாக இருப்பார். அவர் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசலில் மறித்து, "சார், ஒரு கையெழுத்து" என்று சொல்லுங்கள். "நீயே எழுதிக் கொண்டா" என்பார். நீங்களே உங்களை 'அபாரமான மாணவர்' என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்து பெஞ்சுக்காரரும் அதே கடிதத்தில் அதே அபாரமான மாணவர். லேபில் உங்களோடு இரண்டு மணி நேரம் நின்று தப்பு எங்கே என்று காட்டிய இளம் ஆசிரியை ஒருவர் இருப்பாரே, அவரிடம் மறந்தும் கேட்காதீர்கள். அவருக்கு உங்களைப் பற்றி எழுத விஷயம் இருக்கிறது.

6. மாமாவைக் கலந்தாலோசியுங்கள்

"ரிசர்ச்சா? அதுக்கு என்ன சம்பளம்?" என்பார். முடிந்தது. பெண் பிள்ளை என்றால் இன்னும் சுலபம், "அவ்ளோ தூரம் தனியாவா?" என்ற ஒரே கேள்வியில் விண்ணப்பமே மூடிவிடும். அகாடமிகள் ரயில் கட்டணமும் தருகின்றன என்ற தகவலை வீட்டில் யாருக்கும் சொல்லாதீர்கள்.

7. சான்றிதழை விலைக்கு வாங்குங்கள்

மேலே சொன்ன ஆறையும் சரியாகச் செய்திருந்தால் ஜூன் முதல் வாரம் கையில் ஒன்றும் இருக்காது. கல்லூரியிலோ இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கேட்பார்கள். கவலை எதற்கு? பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஏதாவது ஒரு மாடியில் பிராஜெக்ட் சென்டர் இருக்கும். ஏழு நாள், பதினைந்து நாள், ஒரு மாதம் என்று சாப்பாட்டு விலைப்பட்டியல் மாதிரி தொங்கும். எதைச் சொன்னாலும் வேலை ஒன்றுதான், தேதி மட்டும் மாறும். எல்இடி ஒன்று மின்னும், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பைரல் பைண்டிங் இலவசம் என்றால் பேரம் பேசாதீர்கள். உழைக்கிறவருக்கு அவர்கள் பணம் தருவது ஆராய்ச்சி. உழைக்காமல் இருக்க நாம் பணம் தருவது இன்டர்ன்ஷிப். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

8. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதைத் திரும்பிப் பார்க்காதீர்கள்

இதுதான் கஷ்டமான பாடம். ஏனென்றால் நம் ஊரில் எங்கே திரும்பினாலும் ஆராய்ச்சி காலில் இடறுகிறது. ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. குறுவையில் அப்பா போடுகிற ஆடுதுறை 36-ம் 43-ம் 45-ம் அங்கே பிறந்தவை. 1960-களில் அங்கே நம் ஜிஇபி 24-ஐயும் ஜப்பானிய நோரின் 10-ஐயும் இனக்கலப்பு செய்து ஆடுதுறை 27 என்று ஒரு ரகம் கொண்டுவந்தார்கள். விளைச்சல் கொட்டியது. ஆனால் குறுவை அறுப்பும் ஐப்பசி மழையும் ஒன்றாக வந்து நின்றதில் களத்து நெல் நனைந்து முளைத்தது. அந்த ஈர நெல்லை என்ன செய்வது என்று பார்க்க 1967-ல் திருவாரூரில் ஓர் அரிசி ஆலையோடு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். நெல்லைக் கெடாமல் வைக்கச் சமையல் உப்பைக்கூடக் கலந்து பார்த்தார்கள். அந்தக் கூடம்தான் தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த உணவுத் தொழில்நுட்ப நிறுவனமானது. புதுக்கோட்டை சாலையில் பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் ரீல்ஸ் பாருங்கள்.

சிக்கல் தீர்ந்ததா என்றால், இல்லை. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. மழை வந்தால் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். அதற்குள் தார்ப்பாய்க்குக் கீழே நெல் முளைத்துவிடும். ஈரப்பதம் அளக்கும் மீட்டர் ஒரே குவியலில் மேலே ஒன்று, அடியில் ஒன்று காட்டுகிறதா? அடுத்தடுத்த இரண்டு நிலையங்களில் ஒரே சிப்பம் ஒரே அளவு காட்டுமா? ஒரு நோட்டுப்புத்தகமும் இருபது நாளும் இருந்தால் போதும், எந்த அகாடமிக்கும் தலைநிமிர்ந்து அனுப்பக்கூடிய குறிப்பு ஒன்று தயாராகிவிடும். அதனால்தான் சொல்கிறேன்: அப்பா நெல்லோடு கொள்முதல் நிலையத்தில் ராத்தங்கல் போடும்போது சாப்பாட்டுத் தூக்கை அவர் கையில் கொடுத்த கையோடு திரும்பிவிடுங்கள். எதையும் அளக்காதீர்கள்.

9. தப்பித்தவறித் தேர்வாகிவிட்டால்

முதல் நாளே எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டுங்கள். தெரியாததைக் கேட்காதீர்கள். சோதனை சொதப்பிய நாளில் நோட்டில் ஒன்றும் எழுதாதீர்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அந்தப் பேராசிரியரின் மெயில் முகவரியை மறந்துவிடுங்கள்.

பயிற்சி முடிந்தது. மூன்று அகாடமிகளின் அடுத்த அழைப்பும் வழக்கம்போல நவம்பரில் முடியும். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது லேப்டாப்பை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.