முயலின் அடிவயிறும் மென்பொருள் தேர்வும்: ஓர் ஆய்வு

முப்பரிமாண ஸ்கேனைச் செப்பனிட எந்த மென்பொருள் சிறந்தது என்ற வினாவுக்கு விடை கண்டவர் இலர். கண்டதாகச் சொல்வோர், தாம் முதலில் கற்றுக்கொண்ட மென்பொருளின் பெயரையே சொல்கின்றனர். இதனை ‘முதற்காதல் கோட்பாடு’ எனலாம். வேறு யாரும் இப்பெயர் வைக்க முன்வராததால் இக்கட்டுரையே வைக்கிறது.

ஆய்வு எல்லை: மேசைமேல் இருக்கும் பொம்மையைச் செல்பேசியும் கையுமாக வலம்வரும் பொழுதுபோக்காளர் மட்டும். தொழிற்சாலைகளும் மருத்துவமனைகளும் விலக்கப்பட்டன; அவற்றிடம் பணம் இருக்கிறது. விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்களும் ஆய்வாளரின் நிதிநிலை கருதி விலக்கப்பட்டன.

இத்துறையின் மூலபாடம் ஸ்டான்ஃபோர்ட் முயல். 1994இல் கிரெக் டர்க், மார்க் லெவாய் இருவரும் ஒரு சுடுமண் முயலை ஸ்கேன் செய்து 69,451 முக்கோணங்களாக்கினர். கணினி வரைகலை படித்தவர் எவரும் இந்த முயலைச் சந்திக்காமல் தப்பியதில்லை. ஆனால் அதன் முகத்தைப் பார்த்தவர்கள் அடிப்பக்கத்தைப் பார்ப்பது அரிது. அங்கே ஐந்து ஓட்டைகள். சில, பொம்மை உள்ளே கூடாக இருந்ததால் மண்ணிலேயே இருந்தவை. மற்றவை ஸ்கேனரின் கண் எட்டாததால் விழுந்தவை. முன்னது உண்மை; பின்னது அறியாமை. கோப்பில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்பதுதான் ஆய்வுச் சிக்கல்.

சுவடிப் பதிப்பில் இச்சிக்கல் பழையது. செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவார் ஒரு பதிப்பாசிரியர். இன்னொருவர் தாமே இரண்டு சீர் பாடி நிரப்பி, மூலத்தில் இருந்ததாகவே அச்சேற்றிவிடுவார். மென்பொருள்களையும் இந்த அடிப்படையில்தான் வகைப்படுத்த வேண்டும் என்பது கருதுகோள்.

துணிந்து பாடுவோர் வரிசையில் முதலிடம் பாய்சான் முறைக்கு. கஷ்டான், போலிதோ, ஹோப் மூவரும் 2006இல் வெளியிட்ட இம்முறை, புள்ளிகளின் திசையை வைத்து உள் எது, வெளி எது என்று கணக்கிட்டு எல்லாவற்றையும் நீர் புகாதபடி மூடிவிடும். பெரிய ஓட்டையானால் மூடுவதோடு நிற்காது. புடைத்துக்கொண்டு வெளியே வரும். அடிப்பக்கமே ஸ்கேன் ஆகாத முயலுக்குத் தொந்தி போடும். இம்முறை மெஷ்லேபில் உள்ளது. 2005இல் பைசா பல்கலைக்கழக மாணவர்களின் பாடத்திட்டப் பணியாகத் தொடங்கிய மென்பொருள் அது. நெடுங்காலம் ‘அன்டூ’ இல்லாமலேயே பேர் வாங்கியது. செய்த வினையை அனுபவித்தே தீர வேண்டும் என்ற தத்துவத்தை இத்தாலியரும் எட்டியிருக்கின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

புள்ளியிட்டுக் காட்டும் மரபுக்கு மெஷ்மிக்ஸர். அதன் ‘இன்ஸ்பெக்டர்’ கருவி ஓட்டைக்கு நீலம், ஒட்டாமல் மிதக்கும் துணுக்குக்குக் கத்தரிப்பூ நிறம், விளிம்புக் கோளாறுக்குச் சிவப்பு எனக் குண்டூசி குத்திவிடும். விளிம்புக் கோளாறு விளக்கத்துக்குரியது. ஒரு விளிம்பு இரண்டு முக்கோணங்களுக்கு மட்டுமே உரியது என்பது விதி. மூன்றாவது ஒன்று வந்து ஒட்டினால் குடும்பம் கெடும், எது உள்ளே எது வெளியே என்று முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கும் தெரியாமல் போகும். மெஷ்மிக்ஸரை ஆட்டோடெஸ்க் 2011இல் வாங்கியது. இப்போது வளர்ச்சி நின்றுவிட்டது. நல்லவர்களுக்கு நேர்வதுதான்.

கிளவுட்கம்பேர் முக்கோணமாவதற்கு முந்திய புள்ளிக்கூட்டத்துக்கு ஏற்றது. அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்கும் புள்ளிகளைக் கணக்குப் பார்த்து வெளியேற்றும் வடிகட்டி அதில் உண்டு. ஊர்க்கட்டுப்பாடு போன்றதுதான், பொம்மையின் மெல்லிய மீசையும் சேர்ந்து வெளியேறக்கூடும்.

இனி பிளெண்டர். 2002இல் பொதுமக்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்துத் திறமூலமாக்கிய மென்பொருள். அதில் எல்லாம் உண்டு, சிக்கலும் அதுவே. ஓட்டை அடைக்க உள்ளே போனவர் ஓர் அசைபடம் எடுத்துவிட்டு வெளியே வருவார், ஓட்டை அப்படியே இருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓட்டையின் விளிம்பைத் தேர்ந்தெடுத்து ‘எஃப்’ விசையை அழுத்தினால்தான் மூடும். எங்கே பாட வேண்டும் என்று முடிவு செய்பவர் மனிதர். பழியும் அவருக்கே.

எதிர்வாதம் ஒன்று உண்டு, மறைப்பது ஆய்வறம் ஆகாது. பொம்மையைக் கவிழ்த்து வைத்து இன்னொரு முறை ஸ்கேன் செய்தால் பாதிக்கு மேற்பட்ட ஓட்டைகள் பிறக்கவே மாட்டா. பளபளக்கும் பொம்மைக்கு மெல்லிய பவுடர் பூச்சு போதும். இவ்வழியை ஏற்றால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. ஆகவே அது அடுத்த ஆய்வாளருக்கு ஒதுக்கப்படுகிறது.

தீர்ப்பு: ஓட்டையைக் காட்டும் மென்பொருளை முதலில் திறக்கவும், கேட்காமல் அடைக்கும் மென்பொருளைக் கடைசியில் திறக்கவும். பொம்மையிலேயே இருக்கும் ஓட்டை எது என்று கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்த பிறகே மற்றதை அடைக்கவும். எதைத் தொடுவதற்கும் முன்னால் மூலக் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.