பழைய புத்தகம், பழைய கையெழுத்து: கேள்வி-பதில்

கே: தாத்தா காலத்து நாலடியாரின் முதல் பக்கத்தில் யாரோ தன் பெயரை எழுதியிருக்கிறார். அழித்தால் விலை கூடுமா? (காரைக்குடி வாசகர்)

ப: ஓட்டைதான் கூடும். அந்தக் காலத்து மையில் இரும்பு உப்பு கலந்திருக்கும். தாளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கும். தேய்த்தால் தாள் போகும், பெயர் போகாது. கூடவே ஊர், தேதி, வாங்கிய விலையும் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பதிப்பாளர் சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்கிற வரி அது.

கே: 'சர்வசித்து வருஷம் தை மாதம்' என்றால் ஆங்கிலத்தில் எந்த ஆண்டு? (திருநெல்வேலி வாசகி)

ப: 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதுதான் வம்பு. சர்வசித்து 1887இலும் பிறந்தது, 1947இலும் பிறந்தது. தை என்பதால் 1888 ஜனவரி-பிப்ரவரி, இல்லையேல் 1948 ஜனவரி-பிப்ரவரி. முகப்புப் பக்கத்தைப் பாருங்கள். 1904இல் அச்சான புத்தகம் என்றால் வழக்கு முடிந்தது. அதற்கும் முந்தையது என்றால் மையைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா என்றால் 1888 இல்லவே இல்லை.

கே: ஆத்திசூடி உரை ஒன்றில் '1850' என்று தேதியிட்ட கையெழுத்து. வியாபாரி பத்தாயிரம் கேட்கிறார். நம்பலாமா? (சென்னை வாசகர்)

ப: அதில் 'லை', 'னை' எப்படி எழுதியிருக்கிறது? துதிக்கை வைத்த பழைய எழுத்தா, இன்றைய எழுத்தா? இன்றைய வடிவத்தைப் பெரியார் தம் பத்திரிகையில் கொண்டுவந்தது 1935இல். அரசு ஏற்றது 1978இல். 1850லேயே ஒருவர் அப்படி எழுதினார் என்றால் பெரியாரையே முந்திய சீர்திருத்தவாதி. பத்தாயிரத்தைப் பையிலேயே வையுங்கள்.

கே: 1812இல் அச்சான திருக்குறள் பழைய புத்தகக் கடையில் கிடைக்குமா? (ஈரோடு வாசகர்)

ப: கிடைத்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள், பிறகு வீட்டில்.

கே: நூலக முத்திரையுள்ள புத்தகத்தை வாங்கலாமா? (மதுரை வாசகர்)

ப: 'நீக்கப்பட்டது' என்ற முத்திரையும் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் நூலகத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

கே: நானும் என் பெயரை எழுதலாமா? (தஞ்சை வாசகி)

ப: தாராளமாக. பென்சிலால், பின்னட்டையின் உள்பக்கம், சிறிதாக.

கே: பக்கங்கள் கழன்றுவிட்டன. டேப் ஒட்டட்டுமா? (கோவை வாசகர்)

ப: வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளில் கறையாக இறங்கிவிடும். கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் போதும். பைண்டரிடம் கொடுத்தால் 'ஓரம் வெட்டக் கூடாது, முன் வெற்றுத்தாளைக் கிழிக்கக் கூடாது' என்று எழுதியே கொடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் அந்தத் தாளில்தான் இருக்கும். பைண்டருக்கோ அது வெறும் கழிவுத்தாள்.