ஜீரோ டிக்கெட்

தம்பி கே.டி. ராமாராவு, உங்களுக்குப் புத்தி சொல்ல இவன் யாருன்னு கேப்பீக. கேக்க வேண்டியதுதான். நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டுக்காரன். மானாவாரி வெள்ளாமையில மழைய நம்பி, சொசைட்டிக் கடனை நம்பி, கடைசியில மகனை நம்பி செகந்திராபாத் மாரேட்பள்ளிக்கு வந்து சேந்தவன். எனக்கு ஓட்டு இன்னும் ஊர்லதான் இருக்கு. அதனால உங்ககிட்ட ஒரு காரியமும் ஆக வேண்டியதில்ல. தேர்தல் யோசனை சொல்லுத கம்பெனிக்காரன் கோடிக்கணக்குல பில்லு போடுதானாம். நான் ஒரு இரானி டீக்குச் சொல்லுதேன். உஸ்மானியா பிஸ்கட் வேண்டாம், எனக்குச் சர்க்கரை.

மொதல்ல நல்ல சேதி. தெலங்கானாவுல 2018-ல 88 சீட்டு எடுத்த உங்க பி.ஆர்.எஸ். கட்சி 2023 டிசம்பர்ல 39-க்கு இறங்குச்சு. காங்கிரஸ் 64-க்கு ஏறுச்சு. சீட்டுக் கணக்கைப் பாத்தா நெஞ்சடைக்கும். ஓட்டுக் கணக்கு அப்படி இல்ல. அவுகளுக்கு நூத்துக்கு 39 சொச்சம், உங்களுக்கு 37 சொச்சம். நூறு பேர்ல ரெண்டே பேரு வித்தியாசம். ஹைதராபாத் ஜில்லாவுல 15 தொகுதி, அதுல காங்கிரசுக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. உங்களுக்கு ஏழு, ஒவைசி ஆளுகளுக்கு ஏழு, பாஜகவுக்கு கோஷாமஹால் ஒண்ணு. நூத்துல அந்த ரெண்டு பேரைத் தேடிப்போய், "ஏன்யா கோவிச்சுக்கிட்ட?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதி வேலை முடிஞ்சிருக்கும். உங்க ஆளுக என்ன செஞ்சாக? ஜனங்க ஏமாந்துட்டாகன்னு மைக்கைப் பிடிச்சுக்கிட்டாக. 2014-லயும் 2018-லயும் உங்களுக்கு அமுக்கின விரலு புத்திசாலி விரலு, 2023-ல மாத்தி அமுக்கினது ஏமாளி விரலு. நல்லா இருக்குய்யா ஞாயம்.

ஏமாந்தவனுக்கு வெளங்க வைக்கணும்னு ஒரு புஸ்தகம் போட்டீக. காங்கிரஸ் குடுத்த வாக்குறுதி மொத்தம் 420-ன்னு எண்ணிச் சொன்னீக. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மோசடிக்கு 420-ஆம் பிரிவுன்னு இருந்த பழைய தண்டனைச் சட்டத்தை டெல்லிக்காரன் 2024 ஜூலையிலேயே தூக்கிட்டு வேற கொண்டாந்துட்டான். மோசடிக்கு இப்ப 318-ஆம் பிரிவாம். கேலி பண்ணுததுக்குக்கூட உங்களுக்கு நேரம் சரியில்ல தம்பி.

பெறகு 2025-ல ‘பாக்கி கார்டு’ அடிச்சு வீடு வீடாக் குடுத்தீக. பொம்பளைகளுக்கு மாசம் 2,500 ரூபா தாரோம்னு சொல்லிட்டுக் காங்கிரஸ்காரன் குடுக்கல, அந்த வகையில பாக்கி இம்புட்டு. பென்சனை 4,000 ஆக்குதோம்னான், அந்த வகையில பாக்கி இம்புட்டு. நியாயமான கேள்வி, நான் இல்லேங்கல. ஆனா ஊரார் கடனை எழுதுத நோட்டுல தன் பேரும் இருக்கான்னு ஒருக்காத் தேடிப் பாக்கணும்ல? 2018-ல உங்க தேர்தல் அறிக்கையில வேலையில்லாத பிள்ளைகளுக்கு மாசம் 3,016 ரூபான்னு இருந்துச்சு. ஒரு மாசம்கூட வரல. சிக்கடபள்ளி நூலகத்து வாசல்ல போய்ப் பாருங்க. அசோக் நகர்ல ஒரு ரூமை நாலு பேராப் பங்கு போட்டுக்கிட்டு, ஹாஸ்டல் சோத்தைத் தின்னுக்கிட்டு, அடிக்கோடு போட்டுப் போட்டே கிழிஞ்ச புஸ்தகத்தோட அந்தப் பிள்ளைக உக்காந்திருக்கும். அதுக எழுதின குரூப்-1 பரிட்சை, பேப்பர் கசிஞ்ச விவகாரத்துல 2023 மார்ச்சுல ரத்தாச்சு. மறுபடி எழுதினாக, அதையும் கோர்ட்டு ரத்து பண்ணுச்சு. அந்த நவம்பர்ல ராகுல் காந்தி அங்கன வந்து பிள்ளைகளோட உக்காந்து பேசிட்டுப் போனாரு. நீங்க ஐ.டி. மந்திரியா இருந்தீக, அசோக் நகருக்கும் ஹைடெக் சிட்டிக்கும் நடுவுல மெட்ரோவே ஓடுது. ஒரு நாள் இறங்கிப் பேசியிருக்கலாம். ஆனா இன்னைக்குக்கூட அந்தப் பாக்கியை நீங்களே எடுத்துச் சொன்னா, மத்த பாக்கியக் கேக்கும்போது குரல்ல ஒரு கனம் இருக்கும்.

ஜூபிலி ஹில்ஸ் இடைத்தேர்தலுக்கு வாரேன். உங்க எம்.எல்.ஏ. மாகண்டி கோபிநாத் செத்துப்போன தொகுதி. அவர் வீட்டம்மாவையே நிறுத்தினீக. பாக்கி கார்டையும் எடுத்துக்கிட்டுப் போனீக. 2025 நவம்பர் 14-ல எண்ணினா, காங்கிரசோட நவீன் யாதவ் 24,729 ஓட்டுல ஜெயிச்சிட்டாரு. ஜூபிலி ஹில்ஸுன்னா சினிமாக்காரன் பங்களான்னு மெட்ராஸ்ல நினைப்பாக. ஓட்டு இருக்கிறது போரபண்டாவுல, ரஹ்மத் நகர்ல, யூசுப்குடா சந்துக்குள்ள. தேர்தல் நேரம் பாத்து கிரிக்கெட் அசாருதீனை மந்திரியாக்கிட்டாகன்னு உங்க ஆளுகளுக்கு ஒரே ஆத்தாமை. ஆத்திரப்படலாமா தம்பி? 2021-ல ஹுசூராபாத் இடைத்தேர்தலுக்கு முன்னால குடும்பத்துக்கு 10 லட்சம்னு தலித் பந்து திட்டத்தை அங்கனயே கொண்டுபோய் ஆரம்பிச்சது யாரு? ஒரு மந்திரி பதவியில அவுக ஜெயிச்சாக. பத்துப் பத்து லட்சமா அள்ளி விட்டும் நீங்க பாஜகவோட ஈட்டல ராஜேந்தர்கிட்டத் தோத்தீக. சிக்கனம் காங்கிரஸ்காரன்கிட்ட இருக்குங்கறத நானே இப்பத்தான் நம்புதேன்.

அந்த ஹுசூராபாத்துல காங்கிரஸ் வாங்கினது எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா? 3,014 ஓட்டு. நீங்க தாரேன்ன 3,016-க்கு ரெண்டு குறைவு. ரேவந்த் ரெட்டி காங்கிரசுக்கு மாநிலத் தலைவராகி நாலு மாசம்கூட ஆகல. வேற ஆளா இருந்தா உடம்பு சரியில்லைன்னு ஆஸ்பத்திரியில போய்ப் படுத்திருப்பான். அடுத்த வருசம் முனுகோடு இடைத்தேர்தல்லயும் மூணாவது எடம். அதுக்கு அடுத்த வருசம் இந்த மனுசன் மேடாரத்துலருந்து யாத்திரை கிளம்பிட்டாரு. பட்டி விக்ரமார்க்கா இன்னொரு பக்கம் ஆதிலாபாத்லருந்து கம்மம் வரைக்கும் நடந்தாரு. சேந்து நடந்தா சண்டை வரும்னு தனித்தனியா நடந்தாக. அதுவும் ஒரு வகை ஒத்துமைதான். 2021 நவம்பர்ல 3,014, 2023 டிசம்பர்ல ஆட்சி. உங்களை ஜெயிச்சவன் எப்படி ஜெயிச்சான்னு படிக்க அமெரிக்காவுக்குப் போக வேண்டாம்.

உடனே ஷூ வாங்கக் கிளம்பிராதீக. உங்க கட்சியிலும் பாதயாத்திரைப் பேச்சு அடிபடுது. 2003-ல ராஜசேகர ரெட்டி இந்தா இருக்கிற சேவெள்ளாவுலருந்துதான் நடக்க ஆரம்பிச்சாரு, மறுவருசம் முதல்வர் ஆனாரு. சரி. எங்க ஊர் ஸ்டாலினும் 2015-ல கன்னியாகுமரியிலருந்து ‘நமக்கு நாமே’ன்னு கிளம்பினாரு. மறுவருசம் தோத்தாரு. நடந்தவன் எல்லாம் ஜெயிக்கல.

உங்க எம்.எல்.ஏ. பத்துப் பேரைக் காங்கிரஸ் இழுத்துட்டதுக்குச் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கீக. போகணும், தப்பில்ல. ஆனா இது நீங்க எழுதின மொய்தான் தம்பி, வட்டியோட திரும்பி வந்திருக்கு. 2014-ல தெலுங்கு தேசத்து எம்.எல்.ஏ. தலசானியை முதல்வரா இருந்த உங்க அய்யா மந்திரியாக்கினாக. 2019-ல காங்கிரசோட 19 பேர்ல 12 பேரை வாங்கிக்கிட்டு, எதிர்க்கட்சி அந்தஸ்தே இல்லாம ஆக்கினீக. அன்னைக்கு அந்த இணைப்புக்குச் சரின்னு சொன்ன சபாநாயகர் போச்சாரம் சீனிவாச ரெட்டி. 2024-ல அவரே காங்கிரசுக்குப் போயிட்டாரு. அனுபவசாலிய யாருதான் வேண்டாம்பாக? கைரதாபாத் தானம் நாகேந்தரு இன்னும் ஒரு படி மேல. உங்க எம்.எல்.ஏ.வா இருந்துக்கிட்டே, காங்கிரஸ் சின்னத்துல செகந்திராபாத் மக்களவைக்கு நின்னாரு. தோத்ததுனால சபையில சீட்டு மாறவேண்டிய சிரமம் மிச்சம்.

அந்த மக்களவைத் தேர்தலைச் சொல்லாம விட்டா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. 2022-ல கட்சிப் பேர்லருந்து தெலங்கானாவை எடுத்துட்டுப் பாரதத்தைப் போட்டீக. மகாராஷ்டிராவுல நாந்தேடு வரைக்கும் போய்க் கூட்டம் போட்டீக. தெலங்கானாக் கட்சியா இருந்தப்போ, 2019-ல ஒம்பது எம்.பி. பாரதக் கட்சி ஆனப்பறம், 2024-ல, 17-க்குச் சைபர்.

சைபர்ல எங்களுக்கும் பழக்கம் உண்டு. 2014-ல திமுக 39 தொகுதியிலும் சைபர். அந்த வருசந்தான் அழகிரியைக் கட்சியை விட்டு நீக்கினாக. நீங்க சைபர் வாங்கின மறுவருசம், செப்டம்பர்ல, தங்கச்சி கவிதாவை இடைநீக்கம் செஞ்சிருக்கீக. அதுக்கு முன்னாலதான் அந்தப் பிள்ளை அய்யாவுக்கு எழுதின கடுதாசி ஊரெல்லாம் உலாத்துச்சு. வீட்டுக்குள்ள அப்பனும் மகளும் தபால்ல பேசிக்கிட்டா, தபால்காரனும் படிக்கத்தான் செய்வான். இடைநீக்கம் ஆன மறுநாளே தங்கச்சி எம்.எல்.சி. பதவியையும் கட்சியையும் உதறிட்டாக. உங்க வீட்டு ஞாயம் எனக்கெதுக்கு? ஒண்ணு மட்டும் சொல்லுதேன். திமுக சைபர்லருந்து எந்திரிச்சு ஆட்சிக்கு வர ஏழு வருசம் ஆச்சு. அதுல எனக்குப் பிடிச்ச எடம் 2016. கருணாநிதி திருவாரூர்ல ஜெயிச்சு எம்.எல்.ஏ.வா இருக்கையிலேயே, எதிர்க்கட்சித் தலைவர் நாற்காலியில மகன் உக்காந்தாரு. அப்பன் கட்சிக்குத் தலைவரு, மகன் சபைக்கு. ரெண்டு நாற்காலியிலும் ஆள் இருந்துச்சு.

இங்க எதிர்க்கட்சித் தலைவர் உங்க அய்யா. ஆட்சி போன வாரமே எர்ரவல்லிப் பண்ணை வீட்டுல விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு ஆபரேஷன் ஆச்சு. கிழவனுக்குக் கிழவன், அந்த வலிய நான் கேலி பண்ணமாட்டேன். ஆனா எலும்பு கூடி நாளாச்சு. அவுக சபைக்கு வந்த நாளை விரல் விட்டு எண்ணிரலாம். அங்கன வராத மனுசனை ஜனங்க ஓட்டுப்போட்டுக் கூட்டிக்கிட்டு வருவாகன்னு எப்படி நம்புதீக? பதவியில இருந்தப்போ முதல்வர் மாளிகை பிரகதி பவன் வாசல்ல நடுரோட்டுல இரும்பு வேலி. ரேவந்த் முதல்வராப் பதவி ஏத்த அன்னைக்கே அதை எடுத்தாக. ஒரு காசு செலவில்லாம அவருக்குக் கிடைச்ச மொத நல்ல பேரு அதுதான். வேலி போனப்பறமும் அய்யாவைப் பாக்க முடியலேன்னா, தப்பு வேலி மேல இல்லேன்னு ஆகிப்போகும்ல? ஒண்ணு, அவுகளைக் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்து உக்கார வைங்க. இல்லேன்னா அந்த நாற்காலியை நீங்க வாங்கிக்கிடுங்க. மச்சான் ஹரீஷ் ராவுக்குக் குடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. வேண்டாம், இருக்கிற கடுதாசி போதும்.

கடைசியா ஒரு சமாச்சாரம். செகந்திராபாத்லருந்து மெஹதிபட்டணம் போற பஸ்ஸுல என்னைக்காச்சும் ஏறியிருக்கீகளா? காங்கிரஸ் வந்தப்பறம் பொம்பளைகளுக்கு ஓசிப் பயணம். பொம்பளைக ஆதார் அட்டையைக் காட்டுவாக, கண்டக்டர் மிஷின்ல ஒரு சீட்டுக் கிழிச்சுக் குடுப்பாரு, அதுல ரூபா எடத்துல சைபர். ஜீரோ டிக்கெட்டும்பாக. நான் காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டு நின்னுக்கிட்டு வாரேன், எனக்கு அதுல வருத்தம் உண்டு. ஆட்டோக்காரனுக்கும் உண்டு, அவனுக்காக நீங்க பேசினீக, சரிதான். ஆனா 2024 ஆகஸ்டுல அந்தப் பொம்பளைக பஸ்ஸுல பிரேக் டான்ஸ் ஆடட்டும்னு வாய் விட்டீகளே! மறுநாள் வருத்தம் தெரிவிச்சீக, மகளிர் ஆணையத்துக்கும் போய் வந்தீக. பஸ்ஸுல உக்காந்து பூண்டு உரிச்சுக்கிட்டு வாரவளைப் பாத்தா கேலி வருதாக்கும்? வீட்டுக்குப் போனதும் அவ அடுப்படியிலதான் நிக்கணும். நூத்துக்கு ரெண்டு பேருன்னு சொன்னேன்ல, அந்த ரெண்டு பேரும் அநேகமா அந்த பஸ்ஸுலதான் வாராக.

நாளைக்குக் காலையில எட்டரைக்கு ஸ்டேஷன் முன்னால வந்து ஏறுங்க. போட்டோக்காரன் வேண்டாம், கார் பின்னால வர வேண்டாம். முன் பக்கம் பொம்பளைக சீட்டு, அங்கன போய் உக்காந்துராதீக. ஆம்பளைக்கு டிக்கெட் உண்டு. சில்லறையா எடுத்துக்கிட்டு வாங்க, 500 ரூபாத் தாளை நீட்டினா கண்டக்டர் தெலுங்குல என்ன சொல்லுவாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.