பெரியப்பாவும் டர்போவும்

எண்பதுகளின் டர்போ ஹேட்ச்பேக் மேல் ஆசை வைக்கிறவன் தென்காசியில் பிறந்திருக்கக் கூடாது. பாரிஸ் பக்கம் பிறந்திருக்கலாம். அது முடியாவிட்டால் ஜப்பானில் சுசூகிக்காரர்களின் ஹமாமட்சுவில். எங்கள் ஊரில் அப்போது ஓடியவை அம்பாசடர், ஃபியட், மலைக்குப் போய்வருகிற ஜீப்பு, கடைசியாக வந்து சேர்ந்த மாருதி. நாலிலும் டர்போ கிடையாது. அந்தச் சொல் லாரிகளின் முகத்திலும் வேன்களின் முதுகிலும் எழுதியிருக்கும், அவ்வளவுதான். அதிலும் பாதி பெயின்டரின் கற்பனை.

ஆசை வந்த வழி கடையநல்லூர் வழி. என் சேக்காளியின் வாப்பா துபாயிலிருந்து வரும்போது சென்ட், டார்ச் லைட், கோடாலித் தைலத்தோடு பழைய கார் பத்திரிகைகளையும் கொண்டுவருவார், கண்ணாடிச் சாமான் உடையாமல் சுற்றுவதற்கு. கண்ணாடிச் சாமான் அவர்கள் வீட்டுக்கு, சுற்றிய தாள் எங்களுக்கு. அப்படி ஒரு கசங்கிய பக்கத்தில்தான் ரெனோ 5 டர்போவைப் பார்த்தேன். 1980-ல் பிரான்சில் வந்த வண்டி. சாதாரண ரெனோ 5 சந்தைக்குப் போய்வருகிற சாதுவான சின்னக் கார். அதை எடுத்து, பின் சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் எஞ்சினை இறக்கிவிட்டார்கள். 1.4 லிட்டர் எஞ்சின், டர்போவோடு 160 குதிரை. மறு வருஷமே ழான் ரக்னோட்டி அதை ஓட்டி மான்டி கார்லோ ராலியை ஜெயித்தார். நாங்கள் அசந்துபோனது ராலிக்காக அல்ல. மாமியாரும் சித்தியும் உட்கார வேண்டிய இடத்தில் எஞ்சினை வைக்கலாம் என்று ஒரு கம்பெனி முடிவெடுத்து, அதை ஒரு அரசாங்கமும் அனுமதித்திருக்கிறதே, அதற்காக.

அந்தக் காலத்து டர்போவின் ருசியே அதன் தாமதத்தில்தான் இருக்கிறது. சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிற புகையைப் பிடித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்ற வைக்கிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் பெட்ரோலும் கூடலாம், பெட்ரோல் கூடினால் குதிரையும் கூடும். ஆல்ஃபிரட் பூச்சி என்கிற சுவிஸ் எஞ்சினியர் 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சிக்கல் என்னவென்றால், சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொட்டால்தான் வேலை முழுசாக நடக்கும். அதற்குப் புகை வேண்டும். புகை வர ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டும். மிதித்த பிறகு காத்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் ரசம் கேட்ட கதைதான். கேட்டவுடன் வராது. இலையைப் பார்ப்போம், பக்கத்து இலையைப் பார்ப்போம், சரி போகட்டும் என்று மோருக்குக் கையைக் குழிக்கிற நேரத்தில் நாலு பக்கமிருந்தும் நாலு வாளி வந்து நிற்கும். எண்பதுகளின் டர்போ கார் வளைவின் நடுவில் அப்படித்தான் வந்து ஊற்றும். சிலர் வேலிக்குள் போனார்கள், சிலர் கோப்பை வாங்கினார்கள்.

இப்போது வருகிற ஒரு லிட்டர் டர்போ கார்களில் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. என் மருமகன் ஒன்று வைத்திருக்கிறார். நூறு குதிரை, மிதித்தால் போகிறது. "டர்போ எப்ப வந்துச்சு மாப்ள?" என்று கேட்டேன். "அது எப்பவுமே இருக்கு மாமா" என்றார். எப்போதும் இருப்பது என்றால் அது ஃபேன். நான் கேட்டது டர்போ.

எங்கள் வீட்டில் இருப்பது 1988 மாருதி 800. வெள்ளை. பெரியப்பா வாங்கியது. அவருக்குப் பிரானூர் பார்டரில் மரக்கடை. தேக்கு, வேங்கை என்று தடி தடியாகப் பார்த்தவர், காரையும் மரம் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்துத்தான் வாங்கினார். "தகடு மெலிசா இருக்கு வே" என்றாராம் விற்பனையாளரிடம். அதன்பிறகு அந்த மெலிந்த தகட்டைக் காப்பாற்றுவதே அவருடைய முழுநேர வேலையானது, மரக்கடை பகுதிநேரம்.

அவர் கவலைக்கு நியாயம் உண்டு. தென்காசி, குற்றாலத்தில் காருக்கு எமன் வெயிலோ மேடு பள்ளமோ இல்லை, சாரல்தான். ஜூனில் தொடங்கினால் ஆகஸ்ட் முடியத் தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டே இருக்கும். இதில் சொந்தக்காரர்கள் வேறு. மதுரையிலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் சீசனுக்கு வந்து இறங்கி, எண்ணெய் தேய்த்து, ஐந்தருவியில் ஒரு குளியல், பழைய குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டு, சொட்டச் சொட்ட ஈரத் துண்டோடு ஏறி உட்காருவார்கள். அந்தத் தண்ணீர் சீட்டிலிருந்து இறங்கி, ரப்பர் மேட்டுக்கு அடியில் போய்த் தங்கி, நிதானமாகத் தரைத் தகட்டைத் தின்னும். பழைய மாருதி வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் மேட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அடுத்து பேட்டரிக்கு அடியில் உள்ள தட்டு, சக்கர வளைவின் உள்விளிம்பு, கதவின் கீழ் ஓரத்தில் தண்ணீர் வடிய விட்டிருக்கிற சின்ன ஓட்டைகள். அந்த ஓட்டை மண் சேர்ந்து அடைத்துக்கொண்டால் கதவு உள்ளேயிருந்து குளமாகி, ஒருநாள் கீழ் விளிம்பு கையோடு வரும். பெரியம்மையின் கொண்டை ஊசி ஒன்று இதற்கென்றே டாஷ்போர்டில் இருந்தது. வாரம் தவறாமல் நாலு கதவுக்கும் காது குடைந்துவிடுவார்.

சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கம்பெனி போட்டது போட்டபடி விட்டிருந்தார். வெயில் நாளில் அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் பாதி வண்டியோடு நின்றுவிடும். ஆனால் எண்ணெய்க் குளியல் கோஷ்டியை வென்றது அந்த உறைதான். வண்டிக்கு அடியில் வருஷா வருஷம் கழிவு ஆயிலை பிரஷால் பூசுவார். அந்த வாரம் முழுக்கத் தெரு நாய்கள்கூட வண்டிக்கு அடியில் படுக்காது. பெரியம்மை படத்துக்கு அருகிலேயே மாருதியின் படமும் பூசையறையில் இருந்தது என்று மதினி சொல்லுவாள். நான் பார்த்ததில்லை, நம்பாமலும் இல்லை.

இப்படிக் காப்பாற்றும் கை எல்லாக் காருக்கும் வாய்ப்பதில்லை. நாட்டின் முதல் மாருதி 800-ஐ 1983 டிசம்பர் 14 அன்று டில்லியில் ஹர்பால் சிங் என்பவருக்கு இந்திரா காந்தியே சாவி கொடுத்து ஒப்படைத்தார். ஊரே பார்த்த வண்டி. ஹர்பால் சிங் 2010-ல் காலமான பிறகு அது வாசலில் நின்று துருப்பிடித்துக் கிடந்த படங்கள் வெளிவந்தன. பிறகுதான் கம்பெனியே எடுத்துப் புதுப்பித்துத் தலைமையகத்தில் வைத்தது. செய்தியைப் படித்துக் காட்டியபோது பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "மேட்டைத் தூக்கிப் பாத்தாவளா?"

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். 1986-ல் மாருதி 800-க்குப் புது உடம்பு வந்ததே, இன்று எல்லோர் மனசிலும் இருக்கிற அந்தச் சப்பை மூக்கு உருவம், அது ஜப்பானில் சுசூகி ஆல்டோவின் உருவம். அங்கே 1987 பிப்ரவரியில் அதே உருவத்தில் 'ஆல்டோ வொர்க்ஸ்' என்று ஒன்றை இறக்கினார்கள். எஞ்சின் 543 சிசி. நம்முடையதைவிடச் சின்னது, நம் 800-க்கு 796 சிசி. ஆனால் மூன்று சிலிண்டருக்குப் பன்னிரண்டு வால்வு, டர்போ, அமுங்கிச் சூடான காற்றைக் குளிர வைக்க ஒரு இன்டர்கூலர். மொத்தம் 64 குதிரை. அறுநூற்றுச் சொச்சம் கிலோ வண்டியில் 64 குதிரை என்றதும் ஜப்பான் கம்பெனிகளுக்கே பயம் வந்து, சின்னக் கார்களுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்று தங்களுக்குள் கோடு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோடு இன்னமும் அழியவில்லை. நம்முடையதற்கோ நாற்பது குதிரைக்குக் கொஞ்சம் குறைவு. அதே நெற்றி, அதே கண்ணாடி. அவன் ஹமாமட்சுவில் சீறிக்கொண்டிருந்தபோது இவன் பிரானூரில் சோக்கை இழுத்துப் பிடித்தபடி இருமிக்கொண்டிருந்தான்.

தருவிக்கலாம் என்றால் சட்டம் விடாது. மூன்று வருஷத்துக்கு மேல் பழகிய காரை நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. இருப்பதைப் பெருமையாக வைத்துக்கொள்ளலாம் என்றாலோ, ஐம்பது வயது ஆனால்தான் விண்டேஜ் என்று பதிந்து தருவார்கள். 1988-க்கு ஐம்பது கூட்டினால் 2038. அதுவரை எஃப்சிக்குப் போகும்போதெல்லாம் அது பசுமை வரி கட்டுகிற வெறும் கிழட்டு வண்டி.

அதற்காக அந்த எஞ்சினை யாரும் குறைத்துப் பேச விடமாட்டேன். கோயம்புத்தூர் கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் இதே 796 சிசி எஞ்சினை வைத்துத்தான் ஒற்றை ஆள் ரேஸ் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். அதில் ஓட்டிப் பழகிய பையன்களில் ஒருவர் நரேன் கார்த்திகேயன். 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். ஆக, பெரியப்பா கழிவு ஆயில் பூசிய அதே வம்சம்தான் மெல்போர்ன் வரைக்கும் ஆளை அனுப்பியிருக்கிறது. இதை மெக்கானிக் அண்ணாச்சியிடம் சொன்னபோது, கார்புரேட்டர் ஜெட்டை வாயில் வைத்து ஊதிக்கொண்டே, "அப்பம் அந்தத் தம்பிக்கும் மூணாவது சிலிண்டர்ல பிளக்கு கரிப்பிடிச்சிருக்குமே" என்றார்.

அண்ணாச்சிக்கு டர்போ விஷயத்தில் சொந்தமாக ஒரு சித்தாந்தம் உண்டு. நம் ஊர் வண்டிக்கு டர்போ எதற்கு, ஊரே டர்போதானே என்பார். அரபிக் கடலிலிருந்து வருகிற காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை மறிக்கிறது. செங்கோட்டைக் கணவாயில் மட்டும் சந்து கிடைக்கிறது. மொத்தக் காற்றும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு பாய்கிறது. அதனால்தான் இந்தப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதனால்தான் காசி விசுவநாதர் கோவில் கோபுர வாசலில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் சாமி கும்பிடப் போகிறோம். "அமுக்கின காத்து, அதுவும் சாரல்ல குளுந்த காத்து. உங்க ஜப்பான்காரன் காசு போட்டுச் செஞ்சதை நமக்கு மலை சும்மா குடுக்கு" என்பார். எஞ்சினுக்குள் போகிற காற்று குளிர்ந்தால் பலம் கூடும் என்பது உண்மைதான். சீசனில் வண்டி ஒரு சுற்று கூடுதலாக இழுக்கிறது என்று எனக்கும் தோன்றும். முன்னால் இறக்கம் இருந்தால் இன்னும் நன்றாகவே தோன்றும்.

பழைய டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. வேகமாக ஓட்டி வந்தால் உடனே எஞ்சினை நிறுத்தக் கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கொதிக்கிற தண்டில் ஆயில் கருகி ஒட்டிக்கொள்ளும். மலையேறி வந்த பஸ் டிரைவர்கள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கலாம். நானும் மாருதியில் வீட்டு வாசலுக்கு வந்தபிறகு அப்படி உட்கார்ந்திருப்பதுண்டு. டர்போ இல்லாத வண்டிக்கு அது தேவையில்லை என்பது எனக்கும் தெரியும், ஜன்னல் வழியாகப் பார்க்கிற வீட்டுக்காரிக்கும் தெரியும். ஆனால் காய்கறிப் பையை உள்ளே தூக்கிப் போகும் வேலை அதற்குள் வேறு யாராலாவது முடிந்திருக்கும்.

கிட்டத்தட்ட டர்போ என்று சொல்லும்படி பெரியப்பா காரில் ஒன்று இருக்கிறது. அது ஏசி பட்டன். எண்ணூறு வைத்திருந்த எல்லாருக்கும் இந்த ரகசியம் தெரியும். ஏசி ஓடினால் அந்தச் சின்ன எஞ்சினின் குதிரைகளில் சில அதற்கே போய்விடும்; அணைத்தால் அவை லாயத்துக்குத் திரும்பும். புளியரை தாண்டி எஸ் வளைவு ஏறும்போது இதைச் சோதித்துப் பார்க்கலாம். போன சீசனில் ஆரியங்காவு கோவிலுக்குப் போனோம். முன்னால் நானும் மருமகனும், பின்னால் மதினி, அத்தை, அத்தையின் பேத்தி, அத்தையின் தூக்குவாளி. மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது முன்னால் கேரளா போகிற சிமென்ட் லாரி. அதன் முதுகில் டர்போ என்று எழுதியிருந்தது. அவனுக்கு நிஜமாகவே இருந்தது.

எதிரே வண்டி இல்லை. இரண்டாவது கியர் போட்டு, மிதித்து, "மாப்ள, டர்போ!" என்றேன். மருமகன் படித்த பிள்ளை, புரிந்துகொண்டு ஏசியை அணைத்தார். ஒன்று, இரண்டு எண்ணுகிற நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு வண்டி ஒரு உதறு உதறிக்கொண்டு முன்னால் போயிற்று. லாரியின் பின் சக்கரம், நடுச் சக்கரம், டிரைவரின் முழங்கை என்று ஒவ்வொன்றாகப் பின்வாங்கியது. டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ரக்னோட்டியாக முகத்தை வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக் உறையின் மேல் அத்தை ஒரு பக்கமாகச் சறுக்கிப் போய் மதினியின் மடியில் சேர்ந்தாள்.

லாரியைத் தாண்டியும் நான் ஏசியைப் போடச் சொல்லவில்லை. மேலே இன்னொரு லாரி தெரிந்தது. உள்ளே சூடு ஏறியது. பேத்தி அழத் தொடங்கினாள்.

"ஏம்ல, எல்லாரையும் அவிக்கதுக்கா கூட்டிட்டு வந்த?" என்றாள் அத்தை.

மருமகன் அவளுக்கு இன்டர்கூலரைப் பற்றி விளக்கத் தொடங்கினார். மதினி அவரை முடிக்கவிடவில்லை. ஜன்னல் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியை இறக்கினாள். சாரல் அப்படியே உள்ளே வந்து எல்லார் முகத்திலும் அடித்தது.

"வந்துட்டு உங்க கூலரு," என்றாள். "ரெண்டாவது லாரியையும் தாண்டுங்க, பாப்போம்."