கேள்வி – பதில்: டெஸ்ட் ஆடாத சதாசிவம்

கே: அவுஸ்திரேலியத் துடுப்பாட்டக்காரர் விக்டர் ட்ரம்பரின் டெஸ்ட் சராசரி 39.04. இன்றைக்கு அணியில் இடம் கிடைப்பதே சந்தேகம். பிறகேன் அவரைக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், புளியங்கூடல்

ப: மழை பெய்தாலும் ஆடுகளத்தை மூடாத காலம் தம்பி அது! அந்த ஈரத்தில் நின்றுதான் 48 டெஸ்டில் 8 சதம், 3,163 ஓட்டம் எடுத்தார். 1902இல் மன்செஸ்டரில் முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னமே சதம். டெஸ்டின் முதல் நாளில் அப்படி அடித்த முதல் ஆள் அவர்தான். அவர் எடுத்தது 104. அவுஸ்திரேலியா வென்றது 3 ஓட்டத்தால். சராசரியைப் பார்க்காதீர்கள், அந்த 3ஐப் பாருங்கள்.

கே: எங்கட ஆட்களில் அப்படி ஒருவர் உண்டா?
– வாசகி, நாரந்தனை

ப: உண்டு, அக்கா. மகாதேவன் சதாசிவம். ட்ரம்பர் 37 வயதில் மறைந்த அதே 1915இல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரி, பிறகு தமிழ் யூனியன் கழகம். 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டம். 1950இல் கொமன்வெல்த் அணிக்கு எதிராக 96. சதத்துக்கு நாலு குறைவு. ஆனால் எதிரணியில் நின்ற பிராங்க் வொரெலே அவரை உலகத்தரத் துடுப்பாட்டக்காரர்களின் முன்வரிசையில் வைத்துப் பேசினார். இலங்கைக்கு மட்டுமல்ல, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் தலைமை தாங்கியவர்.

கே: பிராட்மனோடு மோதினாரா?
– வாசகர், நெடுந்தீவு

ப: மோதினார். இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் அவுஸ்திரேலிய அணிகள் கொழும்பில் இறங்கி ஒருநாள் ஆடிவிட்டுப் போவது அந்தக் காலத்து வழமை. 1948 மார்ச்சில் பிராட்மன் வந்தபோது இலங்கைத் தலைவர் சதாசிவம். பிராட்மன் 20 ஓட்டத்தோடு திரும்பினார். ஆடுகளமும் 20 யார்தான், இரண்டு யார் குறைவு!

கே: இவ்வளவு திறமைசாலி ஏன் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை?
– மாணவர், வேலணை

ப: இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981இல். அவர் 1977இலேயே கண்மூடிவிட்டார். நாட்டின் முதல் டெஸ்ட் 1982 பெப்ரவரியில் நடந்தது எங்கே தெரியுமா? தமிழ் யூனியனின் பி. சரவணமுத்து மைதானத்தில். அவருடைய வீட்டு முற்றம் அது. எனக்கு இதை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

கே: அவர் பெயரைச் சொன்னாலே கொலை வழக்கைத்தானே கதைக்கிறார்கள்?
– வாசகர், நயினாதீவு

ப: மனைவி கொல்லப்பட்டது 1951இல். 1953இல் நீதிமன்றம் அவரை நிரபராதி என விடுதலை செய்தது. தீர்ப்பு வந்த பிறகும் அதை மெல்லுவது நியாயமில்லை.

கே: எங்கள் பொடியள் மென்பந்தோடு நின்றுவிடுகிறார்களே?
– வாசகர், புளியங்கூடல்

ப: யாழ். மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் போர் 1904இல் தொடங்கியது. அத்தனை பழமையான கடினப்பந்து மரபு கடலுக்கு அப்பால் அல்ல, பக்கத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்குக் காசு அனுப்பும் எங்கள் ஊர் உறவுகளே, இந்த முறை பள்ளிக்கூடத்துக்கும் ஒரு மற்றிங், இரண்டு சோடி பாட்ஸ், ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.