பொம்மையா சார் அது?

போன ஞாயிற்றுக்கிழமை காதில் விழுந்த கேள்வி, இன்னும் இறங்க மாட்டேன் என்கிறது. கேட்டவர் என்னைவிட மூத்தவர். பார்த்தால் நாலு பேருக்குப் புத்தி சொல்கிறவர் மாதிரி இருந்தார். முதலையைக் காட்டி, "பொம்மையா சார் அது?" என்றார்.

கிண்டியில் வெளிமானைப் பார்ப்பது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவேன். முதலை விஷயத்தை முடித்துவிட்டு வருகிறேன்.

திருச்சியிலிருந்து மச்சினன் குடும்பத்தோடு வந்திருந்தான். "மெட்ராஸ் நடுவுல காடு இருக்காமே மாமா?" இருக்கிறது. ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி, வெளியே சர்தார் படேல் சாலையின் ஹாரன். இடையில் 270 ஹெக்டேர் சொச்சம் காடு. 1821-ல் அரசாங்கம் இந்த இடத்தை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. இன்றைக்கு அந்தப் பணம் அடையாறில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கக்கூடக் காணாது. 1978-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். நாட்டிலேயே மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. காட்டுக்குள் நம்மை இஷ்டத்துக்கு விடமாட்டார்கள். ஓரத்தில் இருக்கும் சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும்தான் நமக்கு. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள்தான் வேலி போட்டிருக்கிறார்கள்.

பாம்புப் பண்ணை முதலைக்கு வருவோம். வெயிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சுற்றி நாற்பது பேர். "அப்பா, அசையவே இல்லப்பா" என்று ஒரு பையன் சொன்னதுதான் தாமதம், அப்பாவின் முகம் மாறிவிட்டது. டிக்கெட் வாங்கியிருக்கிறார் அல்லவா? முதலில் கைதட்டினார். அடுத்து, தெருநாயைக் கூப்பிடுகிற மாதிரி "ப்ச் ப்ச்" என்றார். பலிக்கவில்லை. "ஏய் முதலை!" என்றார், ஏதோ பெயர் சொல்லி அழைத்தால் "என்னங்க?" என்று திரும்பப் போகிற மாதிரி. பின்னாலிருந்து ஒருவர் விசிலடித்தார். இன்னொருவர் தண்ணீர் பாட்டில் மூடியை எறிந்தார். அது குறி தவறிக் குட்டையில் விழுந்தது. அதற்குள் ஒரு பஞ்சாயத்தே கூடிவிட்டது. "போன வருஷமும் இதே இடத்துலதாங்க இருந்துச்சு." "பல்லைப் பாருங்க, பிளாஸ்டிக்." "நெஜ முதலைன்னா வாய் வலிக்காதா?" அப்போதுதான் பெரியவர் என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார்.

உடம்புச் சூட்டைச் சரிப்படுத்திக்கொள்ளத்தான் முதலை அப்படி வாயைத் திறந்து வைத்திருக்கும், மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பது அதன் சுபாவம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "நீங்க இங்க வேலை பாக்கறீங்களா?" என்றார். இல்லை என்றதும் என் பேச்சில் இருந்த மதிப்பு போய்விட்டது.

எனக்கு ஆற மாட்டேன் என்கிறது. இதே அப்பா ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு சோபாவில் வாயைத் திறந்துகொண்டு மூன்று மணி நேரம் கிடக்கிறாரே, யாராவது போய்க் கைதட்டுகிறோமா? பொம்மையா என்று கேட்டு அவர் மேல் பாட்டில் மூடியை எறிகிறோமா? முதலைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி. புலி என்றால் உறும வேண்டும், மயில் என்றால் ஆட வேண்டும், பாம்பு என்றால் படம் எடுக்க வேண்டும். சாரைப் பாம்புக்குப் படமெடுக்க வராது என்றால் "அப்ப எதுக்கு வெச்சிருக்காங்க?" என்று கேட்கிற ஜனம் நாம். வீட்டு மீன்தொட்டியில் மீன் இரண்டு நிமிஷம் நின்றாலே கண்ணாடியைத் தட்டுகிறவர்களுக்கு முதலை எம்மாத்திரம்?

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் கலைந்ததும், யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, நானும் மெதுவாக ஒரு "ப்ச்" சொல்லிப் பார்த்தேன். வயது ஐம்பத்து நாலு. முதலை கண்ணை மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது. அதில் இருந்த அபிப்பிராயம் எனக்குப் புரிந்தது. திரும்பினால் மனைவி நிற்கிறாள்.

சரி, வெளிமான். ஆணுக்கு முதுகு கருகருவென்று, கொம்பு முறுக்கு மாதிரி. பெண்ணுக்குப் பழுப்பு நிறம். புள்ளிமான் மரநிழலில் சமாளித்துக்கொள்ளும். வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். மரம் அடர அடர அதற்கு இடம் சுருங்கும். மரம் நட்டுப் போட்டோ எடுத்துக்கொள்கிற நம்மிடம் இதைச் சொன்னால் இயற்கை விரோதி என்பார்கள். அதைப் பார்ப்பதற்கு முதல் விதி...

விதியைச் சொல்வதற்குள் இதைச் சொல்லிவிடுகிறேன். சிறுவர் பூங்கா வேலிக்கு அப்பால், புதர் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நின்றிருந்தது. காதைக்கூட ஆட்டவில்லை. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. "மான்! மான்! மான்!" என்று மச்சினன் போட்ட கத்தலில் பக்கத்துக் காக்கைகள் எழும்பின. அவன் மனைவி ரீல்ஸ் எடுக்கத் திரும்பி, மானுக்கு முதுகைக் காட்டிச் சிரித்தாள். மான் ஒரே தாவலில் காணாமல் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். அசைந்துவிட்டதல்லவா!

வீடு திரும்பும்போது ஆட்டோவில் மச்சினன் சொன்னான்: "நல்லாதான் இருந்துச்சு மாமா, ஆனா கூட்டம் ஜாஸ்தி. கூட்டமே இல்லாத நாள் எதுன்னு சொல்லுங்க, அடுத்த தடவை அன்னிக்கு வர்றோம்."

செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை.